முப்பிடாதியின் வலது கை

ஜூன் 19

இன்று கல்லூரியில் சேர்ந்தேன். சாஃப்ட்பால் பயிற்சியாளர், ஒரு கல்வியாண்டுக்கு ஒப்பந்தம். ஆசிரியைகள் கூட்டத்தில் முதல்வர் வசந்தா மேடம் என்னை எழுந்து நிற்கச் சொன்னார். "இவங்க ஹெப்சிபா. நம்ம மாநிலத்துக்காக ஆறு வருஷம் பந்து வீசினவங்க. இவங்க பந்தை அடிக்க ஆள் கிடையாதுன்னு அப்ப பேப்பர்லயே வந்தது" என்றார். கை தட்டினார்கள். பக்கத்தில் இருந்த தமிழ்த்துறை அம்மா, பூப்பந்தா என்று மெதுவாகக் கேட்டார். இல்லை, பேஸ்பால் மாதிரி, கையை ஒரு முழுச் சுற்று சுற்றி இடுப்புக்குக் கீழிருந்து பந்தை விடவேண்டும் என்று சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. சிரித்துவைத்தார்.

விண்ணப்பத்தில் 'விளையாட்டை நிறுத்திய காரணம்' என்று ஒரு கட்டம் இருந்தது. 'சொந்தக் காரணங்கள்' என்று எழுதியிருந்தேன். யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

காலையில் நேரமாகிவிட்டதால் அம்மாதான் தலை பின்னிவிட்டாள்.

ஜூன் 21

மைதானம் என்று இவர்கள் சொல்வது கல்லூரிக்குப் பின்னால் இருக்கும் பொட்டல். எங்கு பார்த்தாலும் நெருஞ்சி. உடற்கல்வி இயக்குநர் லீலாவதி மேடம் பதினான்கு பிள்ளைகளை அனுப்பியிருந்தார். முதல் ஒரு மணி நேரம் எல்லாரும் சேர்ந்து கல் பொறுக்கினோம்.

மூன்றாம் ஆண்டு ஷாலினிதான் போன வருடம் பந்து வீசியவள். ஒழுங்காக வீசுகிறாள், வேகம் இல்லை. அவளுடைய பந்தைப் பிடிக்கும் கேட்சர் இரண்டாம் ஆண்டு வணிகவியல். பெயர் முப்பிடாதி. ஒல்லியான பெண், கேட்டால்தான் பேசுவாள். பிடித்த பந்தை ஷாலினிக்குத் திருப்பிப் போட எழுந்திருக்கச் சோம்பல்பட்டு, குத்தவைத்தபடியே கீழ்க்கையாக விட்டாள். ஷாலினியின் கையுறையில் பந்து விழுந்த சத்தம் கேட்டு நான் திரும்பிப் பார்த்தேன். மறுபடி போடச் சொன்னேன். பத்து முறை போடச் சொன்னேன்.

அப்படி ஒரு சத்தத்தைக் கேட்டுப் பதினொரு வருடம் ஆகிறது.

ஜூலை 8

முப்பிடாதியைப் பந்து வீசவைத்துவிட்டேன். ஷாலினிக்கு வருத்தம்தான். உனக்கும் ஆட்டம் உண்டு, இரண்டு பேர் இருந்தால்தான் அணிக்குப் பலம் என்று சொல்லியிருக்கிறேன்.

கையைச் சுற்றும் விதத்தை இடது கையால்தான் காட்டுகிறேன். எதிரே நிற்கிறவளுக்குக் கண்ணாடியில் பார்ப்பது போல இருக்கும், சுலபமாகப் பிடித்துக்கொள்வாள். முப்பிடாதி ஒருமுறை பார்த்தால் போதும். தோள் எங்கே தளர வேண்டும், மணிக்கட்டு எங்கே சொடுக்க வேண்டும் என்பதெல்லாம் அவள் கைக்கே தெரிந்திருக்கிறது. எனக்கு இவ்வளவும் படிய இரண்டு வருடம் பிடித்தது.

ஜூலை 15

சாரல். பயிற்சி இல்லை. அம்மாவுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும் என்று தென்காசி போய்வந்தோம்.

ஆகஸ்ட் 17

மண்டலப் போட்டியில் முதலிடம். இந்தக் கல்லூரி மண்டலத்தைத் தாண்டியதே கிடையாதாம். மூன்று ஆட்டத்திலும் முப்பிடாதியே வீசினாள். கடைசி ஆட்டத்தில் எதிரணி முன்னிலை எடுத்திருந்தால் நானே ஷாலினியை இறக்கியிருப்பேன், அதற்குத் தேவை வரவில்லை.

முதல்வர் அறைக்குக் கூப்பிட்டு லட்டு கொடுத்தார். அக்டோபரில் பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி. கோப்பை வந்தால் என் வேலையை நிரந்தரமாக்க நிர்வாகத்தில் பேசுவதாகச் சொன்னார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் வாசல் விளக்கைப் போடப் போனாள். திரும்பி வந்து, "அந்தப் புள்ளைக்குக் கையெல்லாம் நல்லாருக்கா?" என்று கேட்டாள். நல்லாயிருக்கு என்றேன்.

செப்டம்பர் 12

முப்பிடாதி பந்தை விட்டதும் முன்கையை இடது கையால் நீவிவிட்டுக்கொள்கிறாள். என்னவென்று கேட்டேன். பீடி சுற்றுவதால் என்றாள். ஆலங்குளம் பக்கம் அவள் ஊரில் வீட்டுக்கு வீடு அதுதான் தொழில். கல்லூரி முடிந்து போனதும் அம்மாவோடு உட்கார்ந்து இவளும் சுற்றுவாளாம். அதுதான் காரணமாக இருக்கும். தைலம் கொடுத்தேன்.

செப்டம்பர் 15

ஞாயிறு. ஆலயத்திலிருந்து வந்ததும் முப்பிடாதியின் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா சுடலைவடிவு வாசலிலேயே முறத்தை மடியில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தார். அப்பா கேரளத்தில் ஒரு பேக்கரியில் வேலை, வருடத்துக்கு இரண்டு முறை வருவார். போட்டி முடிகிற வரைக்கும் பிள்ளையைப் பீடி சுற்ற விடவேண்டாம், கைக்கு ஓய்வு வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். அவர் மகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "அதுக்கென்ன மேடம், அவ பங்கையும் நானே சுத்திருதேன். அவ கைக்கு ஒண்ணும் ஆயிரப்பிடாது, அவ்வளவுதான்" என்றார். கருப்பட்டிக் காப்பி கொடுத்தார்.

வரும் வழியில் மனது லேசாக இருந்தது. செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன்.

அக்டோபர் 3

ஆபிரகாம் சார் போனில் பேசினார். என் பழைய பயிற்சியாளர். மண்டல வெற்றியைப் பேப்பரில் பார்த்தாராம். "ஒன்ன மாதிரியே ஒருத்திய புடிச்சிட்டியாமே" என்றார்.

அவர்தான் என் தோளைக் கெடுத்தார் என்று சொல்கிறவர்கள் உண்டு. அம்மா அவர் பெயரைச் சொன்னாலே எழுந்து போய்விடுவாள். நான் அப்படி நினைக்கவில்லை. நாக்பூர் தேசியப் போட்டியில் இரண்டு நாளில் ஐந்து ஆட்டம் வீசினேன் என்பது உண்மை. ஆனால் ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னாலும் அவர் என்னைக் கேட்டார், வலிக்கிறதா என்று. நான்தான் இல்லை என்றேன். அணி முழுக்கச் சுற்றி நின்று கேட்டுக்கொண்டிருந்தது.

அக்டோபர் 18

முப்பிடாதியின் வேகம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. பயிற்சியில் அடக்கி வாசிக்கிறாள், போட்டியில் வந்துவிடும். ஷாலினி இந்த மாதம் நன்றாகத் தேறியிருக்கிறாள்.

அக்டோபர் 24

பல்கலைக்கழக மைதானம். இன்று இரண்டு ஆட்டம், இரண்டிலும் வெற்றி. பதினான்கு இன்னிங்ஸும் முப்பிடாதி. நாளை காலை அரையிறுதி, மதியம் இறுதி.

சாயங்காலம் விடுதி மெஸ்ஸில் தோசை. முப்பிடாதி ஸ்பூன் கேட்டாள். தோசைக்கு யாராவது ஸ்பூன் கேட்பார்களா, துரைசானி ஆகிவிட்டாள் என்று பிள்ளைகள் கேலி செய்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். இடது கையால் ஸ்பூனைப் பிடித்துத் தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். கையில் மண்ணாக இருந்திருக்கும்.

அக்டோபர் 25

கோப்பை நமக்கு. 3-2. முப்பிடாதிக்குக் கையில் அடி. ஆஸ்பத்திரியில் இருக்கிறோம்.

அக்டோபர் 26

நேற்று எழுதியது சரியில்லை. அடி எதுவும் படவில்லை.

இறுதி ஆட்டத்துக்கு முன்னால் பிள்ளைகளை வட்டமாக நிறுத்திப் பேசினேன். முதல்வர் காரில் வந்து இறங்கியிருந்தார், லீலாவதி மேடமும் பக்கத்தில் நின்றார். ஷாலினி கையைச் சூடாக்கித் தயாராக இருந்தாள். நான் முப்பிடாதியைப் பார்த்து, "வலிக்குதா?" என்று கேட்டேன். "இல்ல மேடம்" என்றாள். எல்லாரும் கை தட்டினார்கள்.

கடைசி இன்னிங்ஸான ஏழாவது வரைக்கும் ஒரு ஓட்டம் முன்னால் இருந்தோம். இன்னும் இரண்டு பேரை வெளியேற்றினால் போதும். முப்பிடாதி கையைச் சுற்றினாள். கை இடுப்பருகே வந்தபோது காய்ந்த குச்சி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். எனக்கு ஓரத்தில் நின்றே கேட்டது. பந்து நாலடி உருண்டு நின்றது. அவள் அப்படியே முழங்காலில் உட்கார்ந்து, கையைத் தூக்கிப் பார்த்தாள். மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் நடுவில் கை வளைந்திருந்தது. அவள் கத்தவில்லை. ஓடிப்போன என்னிடம், "மேடம், பந்து உள்ள விழுந்துச்சா?" என்று கேட்டாள்.

அவளைத் தூக்கிக்கொண்டு போனபின் ஷாலினி வந்து வீசினாள். ஐந்து பந்தில் இரண்டு பேரையும் வெளியேற்றிவிட்டாள்.

அக்டோபர் 28

முன்கை எலும்புக்குத் தகடு வைத்திருக்கிறார்கள். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டினார். இது அன்றைக்கு ஒடிந்ததில்லை, ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்து மூன்று நான்கு வாரமாகவே எலும்பில் கீறல் இருந்திருக்கிறது என்றார். "ரொம்ப வலிச்சிருக்குமே. யாருமே கவனிக்கலையா?" என்று கேட்டார். நான் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சுடலைவடிவு அம்மா வராந்தாவில் தரையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கோப்பை கிடைத்ததா என்று கேட்டார். கிடைத்தது என்றேன்.

அக்டோபர் 31

லீலாவதி மேடம் விபத்து அறிக்கையைத் தட்டச்சு செய்து கொண்டுவந்தார். 'மாணவி தனக்கிருந்த வலியைப் பயிற்சியாளரிடம் மறைத்துவிட்டார். ஆட்டத்துக்கு முன் பலர் முன்னிலையில் கேட்டபோதும் வலி இல்லை என்றே கூறினார்.' இரண்டாவது வாக்கியம் உண்மைதான். கையெழுத்துப் போட்டேன்.

நவம்பர் 20

வேலை நிரந்தரத்துக்கு என் பெயர் நிர்வாகத்துக்குப் போயிருக்கிறது. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

டிசம்பர் 6

பாராட்டு விழா. முதல்வர் சிறப்பு விருந்தினராக ஆபிரகாம் சாரைக் கூப்பிட்டிருந்தார். என்னை ஆச்சரியப்படுத்த வேண்டும் என்று முன்கூட்டிச் சொல்லவில்லை. அவருக்கு எழுபது ஆகிவிட்டது. கோட்டுப் போட்டு வந்திருந்தார்.

முப்பிடாதி கையைத் துணித்தொட்டிலில் தொங்கவிட்டபடி மேடை ஏறினாள். கேடயத்தை வாங்க இடது கையை நீட்டினாள். சார் ஒரு விநாடி தயங்கினார். இடது கையில் எப்படிக் கொடுப்பது என்று நினைத்திருப்பார். பிறகு கேடயத்தை மேசையிலேயே வைத்துவிட்டு அவள் தலையைத் தொட்டார். அவள் நீட்டிய கையை மடக்கிக்கொண்டு இறங்கிப் போனாள்.

விழா முடிந்து வேப்பமரத்தடியில் சார் டீ குடிக்கும்போது நான் மட்டும் பக்கத்தில் நின்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீ கேட்டேல்லா? அவ இல்லன்னுதான சொன்னா? பொறவு ஒம்மேல என்ன தப்பு இருக்கு? மனசப் போட்டு ஒழப்பாத" என்றார். அன்பாகத்தான் சொன்னார். எவ்வளவு சரளமாகச் சொன்னார் என்பதுதான் என்னை என்னவோ செய்தது. பதினொரு வருடமாக யாரிடமோ சொல்லிச் சொல்லிப் பழகிய வார்த்தைகள் மாதிரி இருந்தன.

நான் சொன்னேன்: "சார், நாக்பூர்ல வியாழக்கிழமை சாயங்காலமே நான் உங்க ரூமுக்கு வந்து, கைய தூக்க முடியலன்னு சொன்னேன். நீங்க ஐஸ் வைக்கச் சொன்னீங்க. மறுநாள் எல்லார் முன்னாலயும் வெச்சு வலிக்குதான்னு கேட்டீங்க."

அவர் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஞாபகம் இல்லம்மா" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஃபைனல் இல்லியா அது" என்றார். டீயை முழுக்கக் குடிக்காமல் வைத்துவிட்டுக் காருக்குப் போனார்.

இதை நான் இதுவரை எங்கேயும் எழுதியதில்லை. அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. அவர் நல்லவராக இருக்க வேண்டும் என்று எனக்கு இருந்தது. அவர் நல்லவர் இல்லை என்றால், பதினாறு வயதிலிருந்து நான் அவருக்காக வீசியதெல்லாம் என்ன?

என் வலது கை தோளுக்கு மேலே போகாது. அம்மா தினமும்தான் எனக்குத் தலை பின்னிவிடுகிறாள்.

டிசம்பர் 7

தூங்க முடியாததால் விடியும் முன்பே எழுந்து உட்கார்ந்து எழுதுகிறேன். முன்கையை நீவியதைப் பார்த்தேன். வேகம் குறைந்ததைப் பார்த்தேன். ஸ்பூனைப் பார்த்தேன். நாக்பூரில் நானும் மூன்று நாள் இடது கையால்தான் சாப்பிட்டேன். எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் எல்லார் முன்னாலும் கேட்டேன். தனியாகக் கேட்டிருந்தால் அவள் வேறு பதில் சொல்லியிருப்பாள் என்பதும் தெரியும்.

ஜனவரி 7

முப்பிடாதி இன்று வகுப்புக்கு வந்துவிட்டாள். விரல்கள் முழுக்க மடங்கவில்லை. மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போன மாதிரி இருக்கிறதாம். கல்லூரி அலுவலகத்தில் ஏதோ படிவம் கொடுக்கப் போனவளுக்கு அங்கே அந்த அறிக்கையைக் காட்டியிருக்கிறார்கள். மதியம் என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"நான் மறைச்சேன்னு எழுதிருக்கியளாமே மேடம்."

உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"நான் மறைக்கல மேடம். நீங்க கேட்டதுக்கு நீங்க நெனச்ச பதில சொன்னேன்."

குரலில் கோபமே இல்லை. வகுப்பு மணி அடித்ததும் போய்விட்டாள். நான் அவளை நிறுத்தவில்லை. 

ஜனவரி 12

ஆலங்குளம் போனேன். முப்பிடாதி கடைக்குப் போயிருந்தாள். அவள் வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று, நின்றபடியே சொல்ல ஆரம்பித்தேன். அவளுக்கு வலி இருந்தது எனக்கு முன்னாலேயே தெரியும், தெரிந்துதான் வீசவைத்தேன், அறிக்கையில் பொய்க்குக் கையெழுத்துப் போட்டேன் என்று சொன்னேன். போட்டி, வேலை என்று காரணங்களையும் சொல்ல வாயெடுத்தேன், பாதியில் நிறுத்திவிட்டேன்.

சுடலைவடிவு அம்மா முறத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. இலையை வெட்டிக்கொண்டே பேசினார்.

"எங்கிட்ட சொன்னா மேடம். கை விண்ணுவிண்ணுன்னு தெறிக்கும்மான்னு அழுதா. மேடத்துக்கிட்ட சொல்லேன்ட்டின்னேன். அவ்வொளுக்குத் தெரியும்மா, தெரிஞ்சிதான் வெளையாடச் சொல்லுதாவன்னா. சரி, தெரிஞ்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நானும் இருந்துட்டேன்."

அதற்குமேல் அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். காப்பி போடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அவரும் வற்புறுத்தவில்லை. மகளின் பங்கையும் அவர்தான் இன்னும் சுற்றுகிறார். அந்த விரல்களால் இனிப் பீடி சுற்ற முடியாது.

ஜனவரி 13

இரண்டு பக்கக் கடிதம் எழுதி முதல்வரிடம் நேரில் கொடுத்தேன். வலி இருந்ததற்கான அறிகுறிகளை நான் எந்தெந்தத் தேதியில் பார்த்தேன் என்று எழுதினேன். தேதிகளுக்கு இந்த நோட்டைப் பார்த்துக்கொண்டேன். மாணவி எதையும் மறைக்கவில்லை, பழைய அறிக்கையை நீக்க வேண்டும் என்று கேட்டிருந்தேன்.

முதல்வர் இரண்டு முறை படித்தார். "இதைக் கொடுக்கணுமா ஹெப்சிபா? அடுத்த வாரம் நிர்வாகக் குழுக் கூட்டம். உங்க ஃபைல் மேசைக்கு வருது" என்றார். கொடுக்கத்தான் வேண்டும் என்றேன். அவர் கெட்டவர் இல்லை. கடிதத்தை மடித்து என் பக்கமாகவே கொஞ்ச நேரம் வைத்திருந்தார், நான் எடுத்துக்கொள்வேன் என்று. நான் எடுக்கவில்லை.

வீட்டில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், நாக்பூர் வியாழக்கிழமையிலிருந்து. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். பிறகு, "எனக்கு யாரும் சொல்லல. ஆனா அந்த ஆளு நம்ம வீட்டுக்கு வந்தப்ப ஒன் மொகத்தப் பாக்கவே இல்ல. அப்பமே நெனச்சேன்" என்றாள்.

பிப்ரவரி 3

பழைய அறிக்கையை எடுத்துவிட்டார்கள். முப்பிடாதியின் கோப்பில் இப்போது என் கடிதம்தான் இருக்கிறது. என் ஒப்பந்தம் ஏப்ரலோடு முடிகிறது, நீட்டிப்பு இல்லை. ஷாலினி வந்து அழுதாள். அவளிடமும் மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று அவளுக்குப் புரியவில்லை. இறுதி ஆட்டத்தை ஆரம்பத்திலிருந்தே நீயே வீசி ஜெயித்திருப்பாய் என்றேன். அழுகையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். அவளுக்கு அது ஆறுதலாக இல்லை.

மார்ச் 11

பதினொரு பேர் வந்தார்கள். ஓட்டம், பந்து பிடித்தல். ஒருத்திக்கும் இருபது பந்துக்கு மேல் வீச அனுமதி இல்லை. ஒவ்வொருத்தியையும் தனியாக மரத்தடிக்குக் கூட்டிப்போய்க் கேட்டேன். இரண்டு பேர் வலிக்கிறது என்றார்கள். வீட்டுக்கு அனுப்பினேன்.

ஏப்ரல் 9

கடைசி நாள். சாவியை லீலாவதி மேடத்திடம் கொடுத்தேன். நல்ல இடத்தில் வேலை கிடைக்கும் என்றார். கிடைத்தாலும் போவேனா என்று தெரியவில்லை.

பேருந்து நிறுத்தத்தில் முப்பிடாதி நின்றுகொண்டிருந்தாள். பருவத் தேர்வு முடிந்து வருகிறாள். பக்கத்தில் போய் நின்றேன். நகர்ந்து இடம் கொடுத்தாள். எப்படி எழுதினாய் என்று கேட்டேன். இடது கையால் எழுதப் பழகிவருகிறாளாம், வேகம் வரவில்லையாம். "மூணு கேள்வி விட்டுப்போச்சு மேடம். பதில் தெரியும். நேரம் பத்தல."

சொல்லி எழுத ஆள் கேட்டு விண்ணப்பிக்கலாம், நான் முதல்வரிடம் பேசுகிறேன் என்றேன். "நீங்கதான் இனி இங்க இல்லியே மேடம்" என்றாள். எனக்கே அப்போதுதான் அது உறைத்தது. அவள் துறைத்தலைவியிடம் சொல்லிவைப்பதாகச் சொன்னேன். சரி என்று தலையாட்டினாள். உன்னிடம் நேராக ஒருமுறைகூட மன்னிப்புக் கேட்கவில்லை, என்னை மன்னித்துவிடு என்றேன். அவள் சாலையைப் பார்த்தாள். ஒரு லாரி போயிற்று, இரண்டு சைக்கிள் போயிற்று.

"அம்மா சொன்னா மேடம், நீங்க வந்து எல்லாஞ் சொன்னதா. லெட்டரும் வாசிச்சேன்" என்றாள். அவ்வளவுதான். மன்னித்தேன் என்றோ மாட்டேன் என்றோ சொல்லவில்லை. நானும் கேட்டிருக்கக் கூடாது.

ஆலங்குளம் பேருந்து வந்தது. நல்ல கூட்டம். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இடது கையால் கம்பியைப் பிடித்து ஏறினாள். வலது கையை உடம்போடு ஒட்டி வைத்திருந்தாள், யாரும் இடித்துவிடாமல். நான் பிடித்து ஏற்றிவிடக் கை நீட்டினேன். அதற்குள் ஏறிவிட்டாள். படியில் நின்று திரும்பினாள்.

எங்கள் பக்கம் யாரும் விடைபெறும்போது, போயிட்டு வாரேன் என்றுதான் சொல்வார்கள். சின்னப் பிள்ளைகள்கூட அப்படித்தான் சொல்லும்.

"போறேன் மேடம்" என்றாள்.

சரி என்றேன்.